கிடங்கின் சரித்திரம்

நாம் பணிபுரியும் தோட்டத்தின் தென்னெல்லையில், வாய்க்காலுக்கு அப்பால், முன்பு ரப்பரும் பின்பு செம்பனையும் நின்ற நிலத்தில், சாளரமே இல்லாத பெருங்கட்டடம் ஒன்று எழும்பி நிற்கின்றது. அதனைச் சுற்றி இருமடங்கு வேலி. வேலிக்குள் மின்சாரக் கம்பங்கள். இரவும் பகலும் ஓயாத ஓர் இரைச்சல். பால்மரம் வெட்டி ஓய்ந்து, இப்பொழுது மகனோடு லயத்தில் காலங்கழிக்கும் முதியவர் ஒருவர் ஒருநாள் ஆபீசு வாசற்படியில் அமர்ந்து நம்மை நோக்கி, "கிராணி ஐயா, இம்மாம்பெரிய கிடங்கு கட்டியிருக்காங்களே, லோரி ஒண்ணும் வந்து போறதக் காணோமே, உள்ளே என்னதான் சரக்கு?" என்று வினவினார்.

உடனே விடை சொல்ல நமக்கு வாய் வரவில்லை. "தரவு" என்றால் அவருக்கு விளங்காது. விளங்கும்படி சொல்ல நமக்குத் தெரியவுமில்லை. ஆனால் அவர் வாயில் வந்த "கிடங்கு" என்னும் சொல் நம்மை விடவில்லை. ஆங்கிலத்தில் பயின்ற நாம், "கோடவுன்" என்பதை ஆங்கிலச் சொல்லென்றே நெடுங்காலம் எண்ணியிருந்தோம். அஃது ஆங்கிலேயன் கீழ்த்திசைக்கு வந்து கற்ற சொல். மலாயில் "கூடாங்" என வழங்குவதும், தெலுங்கிலும் தமிழிலும் "கிடங்கி", "கிடங்கு" என வழங்குவதும் அதற்கு உறவு என்று மொழி நூலார் கூறுவர். சரக்கு ஏறிய கப்பலிலேயே சொல்லும் ஏறிச் சென்றிருக்கின்றது. பள்ளியில் நமக்குக் கற்பித்த சரித்திரம் பெரும்பாலும் ஆளுநர்களின் பெயர்ப் பட்டியல். அவர்கள் ஆண்ட ஊரில் கடைகளும் கிடங்குகளும் எவ்வாறு தோன்றின, எவ்வாறு வேற்றுருக் கொண்டன, எதனால் மறைந்தன என்பதை ஒருவரும் கற்பித்திலர். அதனைச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிங்கப்பூர் ஆற்றின் தென்கரையிலுள்ள போட் கீ என்னும் படகுத்துறையினின்று தொடங்குவோம். சதுப்பாயிருந்த அவ்விடத்தை, அருகிலிருந்த குன்றொன்றை வெட்டி அம்மண்ணால் நிரப்பினார்கள். குன்று நின்ற இடம் வர்த்தகச் சதுக்கமாயிற்று. 1858-ல் அதற்கு ராபிள்ஸ் பிளேஸ் என்று பெயரிட்டனர். 1822-ல் ராபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்தில், கடைவீதியின் இருமருங்கும் ஒவ்வொரு வீட்டின் முன்னும் மக்கள் வெயிலும் மழையும் படாமல் நடந்து செல்லும் தாழ்வாரம் இருக்கவேண்டும் என்ற விதி இருந்தது. நம்மவர் "அஞ்சடி" என்று வழங்கும் நடைபாதை அதுவே. கடைக்காரன் அதையும் கடையாக்கினான். முடிவெட்டுவோனும் கடிதமெழுதுவோனும் வெற்றிலை விற்போனும் அவ்விடத்தில் பிழைத்தனர். அதிகாரிகள் அதைப் பலமுறை காலிசெய்யப் பார்த்தும் முழுவதும் முடிந்ததில்லை. ஒரு கட்டடம் எதற்காகக் கட்டப்பட்டது என்பது ஒன்று. மக்கள் அதை எதற்காகக் கொண்டனர் என்பது வேறொன்று.

இனிக் கிடங்கு. பாய்மரக் கப்பல் காற்றை நம்பி வந்தது. வடகிழக்குப் பருவக்காற்றில் சீனத்தினின்று வந்தவன், தென்மேற்குக் காற்று எழும்வரை திரும்ப இயலாது. இந்தியாவினின்று வருவோன் கொண்டுவந்த துணியும், சீனன் கொண்டுவந்த தேயிலையும் ஒரே நாளில் ஒரே துறையில் சந்திப்பதில்லை. ஒன்று வந்து மற்றொன்றுக்காகக் காத்திருக்கவேண்டும். அவ்வாறு காத்திருக்கும் இடமே கிடங்கு. அது சரக்கின் வீடு என்பதைவிடக் காலத்தின் வீடு என்பது பொருந்தும். பெரிய கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட, தொங்கான்கள் சரக்கைச் சுமந்து ஆற்றுக்குள் வந்தன. கூலியாட்கள் ஒற்றைப் பலகையின் மேல் மூட்டையோடு நடந்து கரையேறினர். கீழே சரக்கு, மேலே முதலாளியும் கணக்கனும் குடியிருப்பு என்று அக்கட்டடங்கள் அமைந்தன. 1860-களில் சிங்கப்பூரின் கப்பல் வாணிபத்தில் நான்கில் மூன்று பங்கு இச்சிறு கரையில் நடைபெற்றது என்பர். ஆறு வளையும் அவ்விடம் கெண்டை மீனின் வயிறு போன்றது, ஆதலால் அங்கே செல்வம் தங்கும் என்று சீன வணிகர் நம்பினர். இந்நம்பிக்கையைப் பின்னர் ஒருமுறை நினைவுகூர வேண்டியிருக்கும்.

இந்த வீட்டை முதலில் அசைத்தது தந்திக் கம்பி. 1845-ல் லண்டனினின்று முதல் நீராவித் தபால் சிங்கப்பூருக்கு 41 நாளில் வந்து சேர்ந்ததை அக்காலத்தோர் பெருவியப்பாகக் கொண்டாடினர். அந்த 41 நாளும் வணிகன் கண்கட்டி நடந்தவனே. மிளகையும் கம்பீரையும் வாங்கிக் கிடங்கில் அடைத்து, லண்டனில் விலை ஏறியிருக்கும் என்ற நம்பிக்கையில் காத்திருந்தான். கொலியர் கீ கட்டடங்களின் பின்புற மாடத்தில் தூரதிருஷ்டிக் கண்ணாடி வைத்துக்கொண்டு, வரும் கப்பலின் கொடியை முதலில் கண்டவனே அன்று இலாபம் கண்டான். 1869-ல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. 1871-ல் கடலடிக் கம்பி சிங்கப்பூரைச் சென்னையோடும் ஹாங்காங்கோடும் இணைத்தது. லண்டன் விலை மறுநாளே தெரிந்தது. சரக்கு நடுக்கடலில் மிதக்கும்போதே கைமாறிற்று. 1879-ல் 50 இணைப்புகளோடு தொலைபேசி நிலையமும் தொடங்கியது. இதனால் விளைந்தது யாது? கிடங்கின் மேல்மாடியில் அமர்ந்து சரக்கைக் கண்ணால் கண்டபடியே வணிகம் செய்யவேண்டிய தேவை ஒழிந்தது. சரக்கு ஓரிடத்தும் கணக்கு வேறிடத்துமாகப் பிரிந்தன. ஆபீசு என்னும் தனிக்கட்டடம் அப்பிரிவில் பிறந்த குழந்தை என்றே நாம் கருதுகிறோம். நம்மைப் போன்ற கிராணிகளும் அதே வயிற்றில் பிறந்தவர்களே. எழுத வேண்டிய காகிதம் பெருகியதால்தான் எழுதுவோனுக்கு நாற்காலி கிடைத்தது.

ஆயினும் எல்லா வணிகமும் கம்பிக்குப் பணிந்துவிடவில்லை. மார்க்கெட் வீதியில் நகரத்தார் கிட்டங்கிகள் இருந்தன. "கிடங்கு" என்பதன் மற்றொரு வடிவமே அப்பெயர். ஆனால் அங்கே அடுக்கிவைக்கப்பட்டது சரக்கன்று, பணமும் நம்பிக்கையுமாம். வீதியினின்று உள்ளே நீண்டு செல்லும் ஒரே கூடம். இருமருங்கும் வரிசையாக மரப்பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியும் ஒரு மார்க்கா, அதாவது ஒரு தனி வணிக நிலையம். பெட்டியின் பின்னே தரையில் சம்மணமிட்டு மேலாள். அருகே அடுத்தாள். ஏவலுக்குப் பெட்டியடிப் பையன். மேல்மாடியில் உறக்கம், பின்கட்டில் பொதுச் சமையல். நாற்காலி இல்லை, தடுப்புச்சுவர் இல்லை. பக்கத்துப் பெட்டிக்காரன் யாருக்குக் கடன் கொடுக்கிறான் என்பது அடுத்தவன் கண்ணுக்குத் தெரியும். அதுவே அவர்களது பாதுகாப்பு. வாங்கினவன் நாணயம் தவறினால் அன்று மாலைக்குள் கூடம் முழுவதும் அறியும். சீனச் சிறுவணிகரும், ரப்பர் பயிரிடத் துணிந்த சிறு தோட்டக்காரரும், ஐரோப்பிய வங்கிகளின் படியேற இயலாத காலத்தில் இத்தரையிலமர்ந்தே கடன் பெற்றனர். வட்டியின் கொடுமையை இங்கே மறைக்க நாம் முயலவில்லை. அதற்குப் பலியான தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களும் உண்டு. ஆனால் மலாயாவின் மரங்கள் பலவற்றுக்கு முதல் நீர் அந்தப் பெட்டியினின்று பாய்ந்தது என்பதும் மறைக்கத்தக்கதன்று.

நகரச் சீரமைப்பில் அக்கிட்டங்கிகள் இடிபட்டுப் போயின. மார்க்கெட் வீதியில் 2021-ல் 51 மாடியும் 280 மீட்டர் உயரமுமாக ஒரு கோபுரக் கட்டடம் முடிவுற்றது. அதற்கு முன் அவ்விடத்தில் இருந்தது பல அடுக்கு மோட்டார் நிறுத்துமிடம். அப்புதிய கட்டடத்துள் ஆபீசும் உண்டு, தங்கும் அறைகளும் உண்டு, நடுவானில் தோட்டமும் உண்டு. இக்காலத்து இத்தகைய கட்டடங்களில், ஒரே கூடத்தில் பல கம்பெனிகள் மேசை மேசையாக வாடகைக்கு அமர்ந்து, ஆளுக்கொரு மடிக்கணினியைத் திறந்துவைத்துத் தொழில் நடத்தும் முறை பரவியிருக்கின்றது. இதனைப் புதுமை என்று விளம்பரம் செய்கின்றனர். கீழே வேலை, மேலே உறக்கம், நடுவே ஒரு பெட்டி. நமது செட்டியார் ஒருவர் உயிரோடு வந்து பார்த்தால், நாற்காலியைத் தவிர வேறு புதுமை கண்டிருப்பாரோ? ஒரு வேற்றுமை மட்டும் உண்டு. இன்று பக்கத்து மேசைக்காரனை ஒருவனும் அறியான்.

இடையே நிகழ்ந்த மற்றொரு மாறுதலையும் சொல்லவேண்டும். மின்தூக்கி வருமுன் கடைவீட்டில் கீழ்த்தளமே விலையுயர்ந்தது. மேலே ஏற ஏற வாடகை குறையும். உச்சியில் சிப்பந்திகள் பாய் விரித்துப் படுத்தனர். இரும்புச் சட்டமும் மின்தூக்கியும் வந்தபின் இக்கணக்குத் தலைகீழாயிற்று. 1928-ல் திறக்கப்பட்ட புல்லர்ட்டன் கட்டடமும், 1939-ல் எழுந்த கேத்தே கட்டடமும் இம்மாறுதலின் அடையாளங்கள். உயரத்தில் அமர்ந்து கடலைக் காண்பவனே பெரியவன் என்றாயிற்று. புல்லர்ட்டனில் பொதுத் தபாலாபீசு இருந்தது. அங்கிருந்து கப்பல்துறைக்குத் தபால் மூட்டைகளைக் கொண்டுசெல்ல நிலத்தடிப் பாதையும் இருந்தது. கடிதத்தின் இடத்தை மின்னஞ்சல் பற்றிக்கொண்ட காலத்தில் தபாலாபீசு வெளியேற, 2001-ல் அதே கட்டடம் உல்லாச விடுதியாயிற்று. ஊரிலிருந்து வரும் கடிதத்துக்காகத் தமிழ்க் கூலிகள் காத்துநின்ற இடத்தில் இன்று செல்வர் தேநீர் அருந்துகின்றனர். கட்டடம் பிழைத்தது ஒருவகையில் நன்றே. இடிபட்டவை எத்தனையோ.

இவையெல்லாம் கிடங்கை அசைத்தன. அதை வேரோடு பெயர்த்ததோ ஓர் இரும்புப் பெட்டி. 1956 ஏப்ரல் 26-ஆம் நாள், மால்கம் மக்லீன் என்னும் அமெரிக்க லோரி முதலாளி, நியூவார்க் துறையினின்று ஹூஸ்டனுக்கு ஐடியல் எக்ஸ் என்ற பழைய எண்ணெய்க் கப்பலில் 58 இரும்புப் பெட்டிகளை ஏற்றி அனுப்பினார். மூட்டை மூட்டையாய் எடுத்துவைப்பதை விடுத்து, லோரியின் உடலையே கழற்றிக் கப்பலில் வைத்துவிடுவது. இதில் என்ன பெரிய விஞ்ஞானம் என்று தோன்றும். நமக்கும் தோன்றிற்று. ஆனால் ஒரு கப்பல் துறையில் நின்ற பல நாட்கள் சில மணி நேரமாகச் சுருங்கின. பெட்டி தொழிற்சாலையில் பூட்டப்பட்டால், வாங்குவோன் வாசலில்தான் திறக்கப்படும். இடையில் மழைக்கு ஒதுங்கக் கூரை வேண்டியதில்லை. பெட்டியே தன் கூரை, பெட்டியே தன் கிடங்கு.

சிங்கப்பூர்த் துறைமுகம் இதை முன்னரே உணர்ந்து, தஞ்சோங் பகாரில் பெட்டித் துறை அமைத்தது. 1972 ஜூன் 23-ஆம் நாள் நிஹோன் என்ற கப்பல் ராட்டர்டாமினின்று 300 பெட்டிகளோடு அங்கே வந்தது. அன்று மாலை எடுத்த படங்களில் எல்லோரும் சிரித்த முகமாயிருந்திருப்பர். சிரிக்கக் காரணமும் இருந்தது. அச்சிறு தீவு உலகின் பெருந்துறைகளுள் ஒன்றானது அப்பெட்டியால்தான். ஆனால் தஞ்சோங் பகார் என்பது நமக்கு வெறும் துறையன்று. துறைமுகக் கூலிவேலைக்கு வந்த தமிழர் பல்லாயிரவர் அதைச் சுற்றி வாழ்ந்தனர். கடையநல்லூரினின்றும் தென்காசியினின்றும் வந்த தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் அங்கே ஒரு குட்டி ஊரையே அமைத்திருந்தன. அரைப்பு மாக்கடையும், சாப்பாட்டுக் கடையும், தமிழ்ப் பள்ளியும், மூட்டை தூக்குவோன் மாலையில் வந்து கடன்சொல்லித் தேநீர் குடிக்கும் கடையும் அத்துறையின் கூலியை நம்பியே நின்றன. மூட்டை தூக்குவோன் இல்லையேல் தேநீர்க் கடை எங்ஙனம் நிற்கும்? 1970-கள் தொடங்கி வீடுகள் இடிபட, மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் பிரிந்து சென்றனர். நல்ல வீடு, நல்ல குழாய்நீர். அதை நாம் குறைகூறோம். ஆயினும் கடன்சொல்லித் தேநீர் குடிக்கும் கடை அடுக்குமாடிக்கு ஏறி வரவில்லை. 2017-க்குள் பெட்டித் துறையே தஞ்சோங் பகாரினின்று பெயர்ந்துவிட்டது. துவாசில் 2022-ல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட புதிய துறையில் ஆளில்லா வண்டிகள் பெட்டிகளைச் சுமந்து திரிகின்றன.

ஆற்றங்கரைக்கு வருவோம். 1983-ல் தொங்கான்கள் பாசிர் பாஞ்சாங்கிற்கு அனுப்பப்பட்டன. நாற்றமெடுத்த ஆற்றைத் தூய்மை செய்யும் பத்தாண்டுப் பணி 1987-ல் நிறைவெய்தியது. தொங்கான் போனபின் கிடங்குகள் வெறுங்கூடுகளாய் நின்றன. 1989-ல் அவற்றைப் பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள் என்று அரசு அறிவித்தது. அரிசி மூட்டை கிடந்த இடத்தில் இன்று உணவுச்சாலைகளும் மதுக்கடைகளும். கெண்டை மீனின் வயிறு வற்றியது ஏன்? கிரகம் பிசகியதாலன்று, வாசல் திசை கெட்டதாலன்று. ஹூஸ்டனுக்குப் போன அந்த 58 பெட்டிகளே காரணம். வியாபாரம் படுத்தவுடன் வாசற்படியை இடித்துத் திருப்பிக் கட்டும் நம்மவர் இதைச் சிந்திப்பாராக.

ரப்பர்க் கிடங்கின் கதை நமக்கு இன்னும் அணித்தானது. சிங்கப்பூரில் ரப்பர் ஏலம் 1911-ல் தொடங்கியது. அதற்குமுன் தரமும் விலையும் லண்டனில் முடிவாயின. புகையூட்டிய தகடுகளைக் கிடங்கின் வெளிச்சத்தில் ஏந்திப் பிடித்து, கறை, குமிழி, பூஞ்சை ஆகியவற்றைக் கண்ணால் பார்த்து முதல்தரம், இரண்டாந்தரம் என்று வகுக்கும் கைதேர்ந்தவர்கள் இருந்தனர். 1965-ல் மலேசியா, ரப்பரை ஆய்வுக்கூடச் சோதனையால் தரம்பிரித்துக் கட்டிகளாய் விற்கும் முறையைக் கொண்டுவந்தது. கண்ணை நம்பிய கிடங்கு அன்றே முதுமை எய்தியது. நம் தோட்டத்துப் புகைக்கூடமும் அவ்வாறே. நாம் வேலைக்குச் சேர்ந்தபோது அதில் உரமூட்டை இருந்தது. பின்பு பழுதான மோட்டார் சைக்கிள்கள். இப்பொழுது பாம்பு இருப்பதாகச் சொல்கின்றனர். நாம் போய்ப் பார்த்ததில்லை.

புகைக்கூடத்துக்குப் பாம்பு குடிவந்தது தற்செயல். மலேசியாவின் சிறு பட்டணங்களில் கடைவீடுகளுக்குப் பறவைகளை விஞ்ஞானத்தின் துணையால் வலிந்து குடியேற்றினர். நம் வாசகருட் பலர் இதைக் கண்டிருப்பர். சுவரிலே சிறு துளைகள், சாளரங்கள் செங்கல்லால் அடைப்பு, உச்சியினின்று அந்தி வேளையில் ஓயாத கிச்சொலி. உழவாரக் குருவி இனத்தில் ஒருவகை, தன் உமிழ்நீராலேயே கூடு கட்டும். அக்கூட்டைச் சீனர் மருந்தென மதித்துப் பெருவிலை கொடுத்து உண்பர். அது குகையில் வாழும் பறவை. அதன் குரலைப் பதிவுசெய்து ஒலிபெருக்கியில் இடையறாது ஒலிபரப்பி, உள்ளே இருட்டும் ஈரமும் குகை போன்றே அமைத்தால், பறவை ஏமாந்து வந்து குடியேறும். 1997-ன் பணநெருக்கடிக்குப் பின் வெறுமையாய்க் கிடந்த மாடிகளில் இத்தொழில் பெருகிற்று. பினாங்கில் 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000-ல் ஒழிந்தபோது, அற்ப வாடகைக்குத் தலைமுறை தலைமுறையாய் இருந்த குடும்பங்கள் வெளியேற, பழைய வீடுகளுட் சிலவற்றில் குருவிகள் புகுந்தன. 2008-ல் ஜார்ஜ் டவுன் உலக மரபுடைமை நகரமாகியபின், அப்பகுதியினின்று 2013 முடிவுக்குள் பறவைக் கூடங்களை அகற்றுமாறு கட்டளை பிறந்தது. மனிதன் வாடகை கொடுத்தான், குருவி கூடு கொடுத்தது. எது அதிகம் என்று வீட்டுக்காரன் கணக்கிட்டான். அதில் வியப்பில்லை. ஆனால் வெளியேறிய குடும்பத்துக்காக எந்த ஒலிபெருக்கியும் எங்கும் பாடி அழைக்கவில்லை.

பெரிய கடைகளின் முடிவை விரித்துரைக்க இங்கே இடமில்லை. 1858-ல் தோன்றிய ராபின்சன்ஸ் கடை, 1972 நவம்பரில் ராபிள்ஸ் பிளேசில் ஒன்பது உயிர்களைக் கொண்ட தீயையும் தாங்கி நின்று, 2020 அக்டோபரில் தன் கடைசிக் கதவுகளையும் மூடப்போவதாய் அறிவித்தது. தீயால் ஆகாததைக் கைத்தொலைபேசியும் கொள்ளைநோயும் சேர்ந்து செய்தன. அவ்வாண்டு மார்ச்சு 18-ல் மலேசியாவிலும், ஏப்ரல் 7-ல் சிங்கப்பூரிலும் ஊரடங்கு வந்தபோது, ஆபீசு இல்லாமலே ஆபீசு வேலை நடக்கும் என்பதை முதலாளிகள் கண்டுகொண்டனர். தந்திக் கம்பி சரக்கையும் கணக்கையும் பிரித்தது போலவே, இக்கருவி கணக்கையும் கட்டடத்தையும் பிரித்துவிட்டது. நமக்கு மட்டும் அந்த விடுமுறை வாய்க்கவில்லை. செம்பனைக் குலை வீட்டிலிருந்தபடி எடைபோடத்தக்கதன்று.

இனி அந்தச் சாளரமில்லாக் கட்டடம். கடை தொலைபேசிக்குள் வந்தது, ஆபீசு தொலைபேசிக்குள் வந்தது என்கிறோம். அவையெல்லாம் எங்கோ ஓரிடத்தில் யந்திரமாய் இருந்தே தீரவேண்டும். அவ்விடமே தரவு மையம். அதற்குள் அடுக்கடுக்காய்க் கணிப்பொறிகள். அவை கக்கும் வெப்பத்தைத் தணிக்க மின்சாரமும் தண்ணீரும் இடையறாது வேண்டும். சிங்கப்பூரின் மொத்த மின்சாரத்தில் 2020-ல் ஏறத்தாழ நூற்றுக்கு 7 பங்கை இம்மையங்களே உண்டன. ஆதலின் 2019 முதல் அந்நாடு புதியவற்றுக்கு இடங்கொடாது நிறுத்திவைத்து, 2022-ல்தான் அளந்து அளந்து மீண்டும் அனுமதிக்கத் தலைப்பட்டது. அக்கரையில் தடைபட்டது இக்கரைக்கு வந்தது. கூலாய், செடெனாக் வட்டாரங்களில் செம்பனை நின்ற நிலங்களில் அவை எழுந்தன. தண்ணீரும் மின்சாரமும் போதுமோ என்ற ஐயத்தால் 2024-ல் ஜோகூர் அரசு விண்ணப்பங்களை ஆராயக் குழுவொன்றை அமைத்தது. 2025 ஜனவரியில் ஜோகூர்–சிங்கப்பூர் பொருளாதார வட்டார ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 19-ஆம் நூற்றாண்டில் ஆற்றங்கரையில் தொடங்கிய கிடங்கு, ஆற்றைக் கடந்து, துறையைக் கடந்து, நீரிணையைக் கடந்து, நம் வாய்க்காலின் அக்கரை வரை வந்துவிட்டது.

1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம் நிலத்தை விவசாயம், கட்டடம், தொழில் என மூவகையாகப் பகுக்கின்றது. ஒரு பத்திரத்தில் "விவசாயம்" என்ற சொல்லை அடித்து "தொழில்" என்று எழுதினால் நிலத்தின் விலை பன்மடங்காகும். அப்பத்திரத்தில் முதலாளியின் பெயர் உண்டு, அளவு உண்டு, எல்லைக்கல்லின் எண் உண்டு. அந்நிலத்தில் மூன்று தலைமுறை வாழ்ந்தவர் பெயர் இராது. இஃது இன்று நேர்ந்ததன்று. 1950-களிலேயே வெள்ளையர் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றபோது இதே பத்திரம், இதே வெறுமை. அத்துண்டாடலைக் கண்டு வருந்தியே திரு. வீ. தி. சம்பந்தன் 1960-ல் தொழிலாளரின் பத்து வெள்ளி பத்து வெள்ளியாய்ச் சேர்த்துத் தோட்டம் வாங்கும் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். சங்கத்தின் நிலத்தில் பங்குடையவன் தொழிலாளி. மற்ற நிலத்தில் அவன் லயத்துக்கு மட்டும் உடையவன், அதுவும் வேலை உள்ளவரை.

வாய்க்காலுக்கு அப்பாலிருந்த அந்தப் பிரிவும் முன்பு நம் தோட்டத்தைச் சேர்ந்ததே. விற்பனைக்கு முன்பு, லயத்தில் யார் யார் குடியிருக்கின்றனர், யாருக்கு எத்தனையாண்டுச் சேவை, யார் வேலையில்லாமல் மகன் வீட்டில் இருக்கின்றனர் என்று பட்டியல் கேட்டார்கள். அதைத் தட்டச்சுச் செய்தது நமது கை. கடைசி வகுப்பினரை "தகுதியற்றோர்" என்ற தலைப்பின்கீழ் எழுதுமாறு உத்தரவு. எழுதினோம். பெயர்கள் பதினொன்று. வேறு தலைப்பு இடலாமோ என்று ஒருமுறை கேட்டுப்பார்த்தோம். "படிவத்தில் உள்ளபடி" என்ற விடை வந்தது. அதற்குமேல் நாம் கேட்கவில்லை. நமக்கும் ஆபீசு வீடு ஒன்று இருக்கின்றது. அதுவும் வேலை உள்ளவரை. வாசற்படியில் அமர்ந்து நம்மைக் கேள்வி கேட்ட முதியவரின் பெயர் அப்பட்டியலில் நான்காவது. அதன் பிறகே அவர் இப்பக்கத்து லயத்தில் மகன் வீட்டுக்கு வந்தார். அவருக்கு அது தெரியுமோ தெரியாதோ, நாம் சொன்னதில்லை.

அவருக்கு விடைசொல்ல ஒரு வாரம் எடுத்துக்கொண்டோம். "பெரியவரே, உங்கள் பேரன் சிங்கப்பூரினின்று உங்களுக்குப் படம் அனுப்புகிறானே, பணம் அனுப்புகிறானே, அதெல்லாம் இப்படிப்பட்ட கிடங்கு ஒன்றில் யந்திரத்துக்குள் இருக்கின்றது, அதனால்தான் லோரி வருவதில்லை" என்றோம். நெடுநேரம் அக்கட்டடத்தையே பார்த்திருந்தார்.

"ராவெல்லாம் வெளக்கு எரியுதே, அதுக்கு என்ன கணக்கு?"

"யந்திரம் உறங்குவதில்லை. ஒருகணம் மின்சாரம் நின்றாலும் ஆகாது. அதற்காகத் தனி எண்ணெய் யந்திரமும் வைத்திருக்கின்றனர்."

"அந்த எடத்துலதான் எங்க பழைய லயம். பத்து மணிக்கு டைனமோவ நிறுத்திடுவாங்க. என் மூத்த மகன் மண்ணெண்ண வெளக்குலதான் படிச்சான்" என்று சொல்லி, துண்டை உதறித் தோளிலிட்டுக்கொண்டு எழுந்து போனார்.